ரோட்டோரம் நின்றுபோன லோடு வண்டி: ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எங்களுக்கு அனுமந்தன்பட்டியில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சையும் கொஞ்சம் நெல் வயலும் இருக்கிறது. வியாபாரி கேட்கும் விலை கட்டாதபோது, பழத்தை எங்கள் லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல், மதுரைப் பக்கம் ரோட்டோரம் நிறுத்தி விற்கிறோம். ஒரு தடவை போனால் இரண்டு ராத்திரி வண்டியிலேயே படுக்கை. மைக்செட், லைட், சின்ன ஃபேன் எல்லாம் வண்டி பேட்டரியில்தான் ஓடுகின்றன. போன மாதம் இரண்டு தடவை காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை மெக்கானிக் வருவதற்குள் மதியமாகிவிட்டது. மிச்சமிருந்த பழம் வெயிலில் உதிர்ந்து வீணானது. கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கலாம் என்கிறான் மகன். இரண்டாயிரம் ரூபாயிலும் இருக்கிறது, பத்தாயிரம் ரூபாயிலும் இருக்கிறது. எதை வாங்குவது? வீட்டில் நிற்கும் டிராக்டருக்கும் அதுவே ஆகுமா?

- வாசகர், அனுமந்தன்பட்டி

பதில்: திராட்சை அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து கேட்டு வரும் கடிதங்களுக்கு நடுவே இப்படி ஒரு கேள்வி. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் பலருக்கும் உள்ள பிரச்சினை இது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் கிடைத்தாலும், தோல் மெல்லிய இந்தப் பழம் பறித்த பிறகு நாள் கணக்கில் காத்திருக்காது. வண்டி அரை நாள் நின்றால் அது உங்கள் கூலியில்தான் விழுகிறது.

ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கலாம். ஆனால் உங்கள் கதையில் அது இரண்டாவது செலவு. முதல் செலவை விட்டுவிட்டு இதை மட்டும் வாங்கினால், மாதம் இரண்டு தடவை அதை எடுத்து மாட்டிக்கொண்டே இருப்பீர்கள். ஆறு மாதத்தில் வண்டி பேட்டரியே போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். மைக்செட் ஆம்ப்ளிஃபயர் 30 வாட், எல்.இ.டி. லைட் 10 வாட், ஃபேன் 15 வாட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 55 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 4.6 ஆம்பியர். உங்கள் வண்டியில் இருப்பது 60 ஆம்பியர் மணி பேட்டரி என்றால், பாதி சார்ஜ் தீர ஆறரை மணி நேரம் போதும். சாயங்காலம் 5 மணிக்கு லைட்டைப் போட்டு, 10 மணி வரை மைக்கில் கூவி, அப்புறம் ஃபேனைப் போட்டுப் படுத்தால் விடியும்போது செல்ஃபுக்கு என்ன மிஞ்சும்?

வண்டிக்குக் கொடுக்கும் பேட்டரி இந்த வேலைக்குச் செய்யப்பட்டதே அல்ல. அதன் உள்ளே ஈயத் தகடுகள் மெல்லியதாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும். சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளிக் கொடுக்கவும், வண்டி ஓடும்போது அதை உடனே திரும்ப நிரப்பிக்கொள்ளவும்தான் அந்த அமைப்பு. மெதுவாக, மணிக்கணக்கில், அடிவரை உறிஞ்சினால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகும். ஒவ்வொரு தடவை முழுதாக இறங்கும்போதும் அதன் ஆயுளில் ஒரு துண்டு குறைகிறது. வீட்டில் இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பேட்டரி வேறு. அதன் தகடு தடிமன், மெதுவாக இறங்கி ஏறுவதற்கானது.

வண்டியிலேயே குடும்பமாகத் தங்கிப் பயணம் செய்யும் கேரவன் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து இடுக்கி மாவட்டத்தில், வாகமணில், கேரள அரசின் கேரவன் சுற்றுலாத் திட்டத்தில் 2022-ல் இதற்கென்று ஒரு பூங்காவே திறந்தார்கள். அந்த மாதிரி வண்டிகளில் செல்ஃபுக்கு ஒரு பேட்டரி, லைட்டு ஃபேனுக்குத் தனி பேட்டரி என்று இரண்டு இருக்கும். ராத்திரி முழுக்க லைட் எரிந்து இரண்டாவது பேட்டரி செத்தாலும், காலையில் சாவியைத் திருகினால் வண்டி கிளம்பிவிடும். இரண்டு ராத்திரி வண்டியில் படுக்கிற உங்கள் லோடு வண்டியும் ஒரு வகையில் கேரவன்தான். உங்களுக்கும் அதே ஏற்பாடு வேண்டும்.

எளிய வழி: மைக், லைட், ஃபேனுக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி. வண்டி வயரிங்கோடு அதை இணைக்க வேண்டாம். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வீட்டில் சார்ஜர் போட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். படுக்கும் இடத்தில் வைப்பதால் அமிலம் சிந்தாத சீல் வைத்த வகையாக இருக்கட்டும். கையில் காசு இருந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எடை குறைவு, பலமுறை அடிவரை இறங்கினாலும் தாங்கும். இரண்டு நாளுக்கும் தாங்க வேண்டுமா என்பதை மேலே போட்ட மாதிரி வாட் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். பேட்டரியை நன்றாகக் கட்டி, பிளஸ் வயரில் ஒரு ஃபியூஸ் போட மறக்காதீர்கள். வண்டி ஓடும்போதே அதுவும் சார்ஜ் ஏற வேண்டும் என்றால் இரண்டு பேட்டரிக்கும் நடுவே ஐசொலேட்டர் ரிலே வைக்க வேண்டும். அது ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை. நீங்களே வயரை முறுக்கிக் கட்ட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பேட்டரி இறங்குகிறதே என்று ராத்திரி இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு அதே வண்டியில் தார்ப்பாய் போட்டுப் படுக்காதீர்கள். புகையில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

இனி உங்கள் இப்போதைய பேட்டரி. மாதத்தில் இரண்டு தடவை அடிவரை இறங்கியிருக்கிறது. அதை முழுதாகச் சார்ஜ் செய்து, ஒரு ராத்திரி எதுவும் போடாமல் வைத்து, காலையில் மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நல்லது. 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. பிறகு ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் மீட்டரைப் பார்க்கட்டும்; சுமார் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஆல்டர்நேட்டரோ அதன் பெல்ட்டோ கோளாறு. அந்த நிலையில் புதுப் பேட்டரியும் உதவாது, ஜம்ப் ஸ்டார்ட்டரும் உதவாது. சாதாரண மீட்டர் சில நூறு ரூபாய்தான். ஒவ்வொரு விவசாயி வீட்டிலும் இருக்க வேண்டிய பொருள் என்பேன். மோட்டார் பெட்டியில் பார்க்கவும் ஆகும்.

சாவி திருகும்போது வரும் சத்தமும் கொஞ்சம் சொல்லும். டிக் டிக் டிக் என்று தொடர்ந்து அடித்து லைட் மங்கினால் சார்ஜ் இல்லை. லைட் பளிச்சென்று இருக்க, ஒரே ஒரு டக் சத்தத்தோடு நின்றால் பெரும்பாலும் ஸ்டார்ட்டர் மோட்டாரிலோ வயர் முனையிலோ பிரச்சினை. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் முதலில் அதைச் சுரண்டுங்கள். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்து இளகிவிடும். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், கரைசல் செல்லுக்குள் போகக் கூடாது. துடைத்து, கிளிப்பை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்கள் எத்தனையோ பேருக்கு இந்தப் பூப்புத்தான் காரணம்.

இதையெல்லாம் செய்த பிறகு, அவசரத்துக்கு ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர். அது வண்டி பேட்டரிக்குக் கைமாற்றுக் கொடுக்கிற கருவி, அவ்வளவுதான். அட்டையில் 20,000 எம்.ஏ.எச். என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. 20,000-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட் மணி. 12 வோல்ட்டுக்கு மாற்றினால் ஆறு ஆம்பியர் மணிக்குச் சற்று மேல். உங்கள் 60 ஆம்பியர் மணி பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே அது பேட்டரியை நிரப்பாது. சில விநாடி செல்ஃபைச் சுற்றிவிடும். எம்.ஏ.எச். எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் பவர் பேங்க் வாங்குகிறார், ஸ்டார்ட்டர் வாங்கவில்லை.

அடுத்த ஏமாற்று, பீக் ஆம்ப்ஸ். 2000 ஆம்பியர், 3000 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். இது கண் இமைக்கும் நேரத்துக்கு வரும் உச்சம். இதை எப்படி அளப்பது என்று எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒப்புக்கொண்ட ஒரே முறை கிடையாது. நீங்கள் தேட வேண்டியது ஸ்டார்ட்டிங் கரண்ட் அல்லது கிராங்கிங் ஆம்ப்ஸ் என்ற எண். அது எப்போதும் பீக்கைவிட நிறையக் குறைவாக இருக்கும். அந்த எண்ணே அச்சிடப்படாத பொருளை வாங்காதீர்கள்.

அதோடு பெட்டியில், பெட்ரோல் இத்தனை லிட்டர் வரை, டீசல் இத்தனை லிட்டர் வரை என்று இரண்டு அளவு இருக்கும். டீசல் அளவைத்தான் பார்க்க வேண்டும். டீசல் இன்ஜினில் பிளக் பொறி கிடையாது. காற்றை 16 முதல் 18 மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. பெட்ரோல் இன்ஜினில் அழுத்தம் பத்து மடங்கு அளவில்தான் இருக்கும். அதனால் டீசலைச் சுற்ற அதிக பலம் வேண்டும். டாடா ஏஸ் பழைய டீசல் வண்டி 702 சி.சி.; முக்கால் லிட்டர்கூட இல்லை. சின்னக் கருவியே அதைக் கிளப்பிவிடும். பொலிரோ பிக்அப் போன்றவை இரண்டரை லிட்டர். 40, 50 குதிரைத்திறன் டிராக்டர்கள் பெரும்பாலும் இரண்டரையிலிருந்து மூன்று லிட்டர் வரை. இத்தகைய டிராக்டர் செல்ஃப் சுற்றும்போது 200 முதல் 400 ஆம்பியர் வரை இழுக்கும், முதல் கணத்தில் அதற்கும் மேல்.

ஆகவே லோடு வண்டிக்கு மட்டும் என்றால் சிறியது போதும். டிராக்டருக்கும் சேர்த்து என்றால், டீசல் 4 லிட்டர் அல்லது அதற்கு மேல் என்று போட்டு, ஸ்டார்ட்டிங் கரண்ட் 400 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கும் 12 வோல்ட் கருவி வாங்குங்கள். லாரியும் சில அறுவடை இயந்திரங்களும் 24 வோல்ட்; அவற்றுக்கு இது ஆகாது, மாட்டிப் பார்க்கவும் கூடாது. கிளிப்பைக் கையில் பிடித்துப் பாருங்கள். வயர் விரல் தடிமனாவது வேண்டும், பல் செம்பாக இருக்க வேண்டும். நூல் மாதிரி வயரில் 2000 ஆம்பியர் என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால் எச்சரிக்கும் வசதி, ஷார்ட் ஆனால் துண்டிக்கும் வசதி இரண்டும் கட்டாயம். பில்லும் வாரண்டியும் தரும் கடையில் வாங்குங்கள். நீங்கள் சொன்ன இரண்டாயிரம் ரூபாய்க் கருவியை டிராக்டருக்கு நம்ப நான் தயாரில்லை.

கெபாசிட்டர் வகை என்று ஒன்று உண்டு. அதில் லித்தியம் செல் இல்லை. செத்த பேட்டரியில் மிச்சமிருக்கும் கொஞ்சம் சார்ஜைச் சில நிமிடங்களில் உறிஞ்சிச் சேர்த்து, ஒரே அடியாகக் கொடுக்கும். மாதக்கணக்கில் சார்ஜ் செய்யாமல் கிடந்தாலும் கெடாது, வெயிலையும் நன்றாகத் தாங்கும். பேட்டரி சுத்தமாகக் காலி என்றால் அதைச் செல்போன் சார்ஜரிலோ வேறு வண்டியிலோ ஏற்ற வேண்டியிருக்கும். விலை கூடுதல். வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கிற டிராக்டர் மட்டும் உள்ளவர்கள் இதை யோசிக்கலாம்.

மாட்டும் முறை. வண்டியில் எல்லா லைட்டையும் அணையுங்கள். கியர் நியூட்ரல், கைப்பிரேக் போட்டிருக்க வேண்டும். சிவப்புக் கிளிப் பேட்டரி பிளஸ்ஸில். கறுப்புக் கிளிப்பை, பேட்டரியிலிருந்து தள்ளி இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில். காரணம் உண்டு: பேட்டரி செல்களிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், கடைசிக் கிளிப் மாட்டும்போது தெறிக்கும் பொறி பேட்டரி மேல் விழுந்தால் வெடித்து அமிலம் கண்ணில் அடிக்கும். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். மூன்று முதல் ஐந்து விநாடி மட்டும் செல்ஃப் அடியுங்கள். எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி. மூன்று தடவைக்கு மேல் முயன்றால் கருவியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் சூடாகிக் கெடும். வண்டி கிளம்பிய அரை நிமிடத்துக்குள் கறுப்பை முதலிலும் சிவப்பை அடுத்தும் கழற்றுங்கள். பேட்டரி மிகவும் செத்திருந்தால் கருவி அதை அடையாளம் காணாது. அதற்கு பூஸ்ட் பட்டன் இருக்கும். அந்தப் பட்டனை அழுத்தினால் பாதுகாப்பு வசதிகள் வேலை செய்யாது என்பதால் பிளஸ் மைனஸை இரண்டு தடவை பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

கைமாற்றைத் திருப்ப வேண்டும் அல்லவா? கிளம்பிய பிறகு ஐந்து நிமிடத்தில் இன்ஜினை அணைத்தால் மறுபடி அதே கதைதான். மதுரையிலிருந்து வீடு வரை மூன்று மணி நேரம் ஓட்டினாலும் அடிவரை இறங்கிய பேட்டரி முழுதாக நிரம்பாது. கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும். வீட்டுக்கு வந்ததும் சார்ஜரில் போடுங்கள். 60 ஆம்பியர் மணிக்கு 6 ஆம்பியர் வீதம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்.

டிராக்டர் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை வேறு. பேட்டரி இறங்கினால் கீழே நின்றுகொண்டு, ஸ்பேனரையோ ஸ்க்ரூடிரைவரையோ வைத்து ஸ்டார்ட்டர் முனைகளை ஷார்ட் செய்து கிளப்பும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. கிளட்ச் மிதிக்காமலும் கியரிலும் கிளம்பக் கூடாது என்று வைத்திருக்கும் பாதுகாப்பு சுவிட்சை இது தாண்டிப் போய்விடும். டிராக்டர் கியரில் இருந்தால் அந்த நொடியே முன்னால் பாயும். நிற்பவர் பெரிய சக்கரத்துக்கு முன்னால் நிற்கிறார். உலகம் முழுக்க டிராக்டர் சாவுகளில் இதற்கென்று ஒரு தனிக் கணக்கே உண்டு. ஜம்ப் ஸ்டார்ட்டர் மாட்டினாலும் சாவியைச் சீட்டில் உட்கார்ந்துதான் திருக வேண்டும். கிளிப் மாட்டியவர் சக்கரத்தை விட்டு விலகிய பிறகு. வெல்டிங் மெஷினை வைத்துக் கிளப்புவதும் வேண்டாம். ஆல்டர்நேட்டரும் வயரிங்கும் கருகும்.

உங்கள் டிராக்டர் ஏன் இறங்குகிறது என்பதும் சுலபம். முல்லைப் பெரியாறு தண்ணீரை வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறக்கிறார்கள், பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொளி உழவு விழும். அதற்கு முன் வெயில் காலத்தில் டிராக்டர் கொட்டகையில் நிற்கும். பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர், கூடுதல் லைட் என்று நாம் மாட்டியதில் ஏதாவது ஒன்று சாவி எடுத்த பிறகும் கரண்ட் குடிக்கும். ஒரு 5 வாட் பல்பு அணையாமல் இருந்தால் நான்கு நாளில் 80 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி போய்விடும். தண்ணீர் வந்த அன்று எல்லோருக்கும் உழவு வேண்டும், உங்கள் டிராக்டர் மட்டும் டிக் டிக் என்று நிற்கும். மைனஸ் வயரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போடுங்கள். சில நூறு ரூபாய் வேலை. போட முடியாவிட்டால் பத்து நாளுக்கு மேல் நிறுத்தும்போது மைனஸ் கிளிப்பைக் கழற்றி வையுங்கள். இதைச் செய்தாலே டிராக்டருக்கு ஜம்ப் ஸ்டார்ட்டர் தேவைப்படுவது அபூர்வம்.

கருவியை எங்கே வைப்பது? டாஷ்போர்டு மேல் வேண்டாம், டிராக்டர் டூல் பாக்ஸிலும் வேண்டாம். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். லித்தியம் செல்லுக்கு 45 டிகிரிக்கு மேல் ஆகாது. பயணத்தில் சீட்டுக்கு அடியில் துணியில் சுற்றி, மற்ற நாளில் வீட்டுக்குள் நிழலில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் போடுங்கள். உப்பினாலோ சூடானாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். குப்பையில் எறிவதும் எரிப்பதும் ஆபத்து.

கேள்வி: பேட்டரிக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை ஊற்றலாமா? போர் தண்ணீர் ஊற்றி வந்தோம், சீக்கிரமே போய்விட்டது.

- வாசகர், காமயகவுண்டன்பட்டி

பதில்: போர் தண்ணீரில் உள்ள உப்பும் இரும்பும் தகட்டைக் கெடுக்கும். ஏ.சி. தண்ணீர் பார்வைக்குச் சுத்தம், ஆனால் செம்புக் குழாய், அலுமினியத் தகடு, தூசி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருவது. டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் ஒரு வருடத்துக்கு வரும், அதையே ஊற்றுங்கள். நம் வெயிலில் மாதம் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். தகடு வெளியே தெரியக் கூடாது. தகடு மூழ்கும் அளவு மட்டும் முதலில் ஊற்றி, சார்ஜ் ஏறிய பிறகு குறியீடு வரை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் வழியும். அமிலம் சேர்க்கச் சொன்னால் சேர்க்காதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால், முழுதாகச் சார்ஜ் ஏறிய செல் 1.240 முதல் 1.280 வரை காட்டும். ஆறு செல்லில் ஐந்து ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் குறைந்தால் அந்தச் செல் போய்விட்டது, பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். பழைய பேட்டரியைக் கடைக்காரரிடமே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார். உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். வாய்க்கால் ஓரத்தில் உடைத்து ஊற்றக் கூடாது.